ஓடுதா இல்லையா வே?

‘ஓடுதா இல்லையா வே’ ஆசாமி என்றொரு இனம் உண்டு. மின்விசிறி தலைக்கு மேல் ஆடினால் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டு, குழாய் ஒழுகினால் அடியில் வாளியை வைத்துவிட்டு, கதவு மூடாவிட்டால் செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, காரியம் முடிந்ததென்று கையைத் தட்டிக்கொள்வார். பழுது நீங்கியதா? அதெல்லாம் கேட்கக் கூடாது.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில், செருப்பைக் கழற்றிவிட்டு நுழையவேண்டிய கம்ப்யூட்டர் அறைக்கு தேவசிகாமணிதான் ராஜா. வருஷம் தொண்ணூற்றிரண்டு. கிளார்க் கொம்பையாவுக்கு ஒரு வழக்கம்: எண் போட்டு முடித்த சேர்க்கை மனுக்கட்டில் விட்டுப்போன மனு ஏதாவது தலைகாட்டினால், அதற்கு ‘12ஏ’ என்று எண் கொடுத்து நடுவில் செருகிவிடுவார். பழைய புரோகிராமோ எண்ணை மட்டும்தான் ஏற்கும். ‘டேட்டா டைப் மிஸ்மேட்ச்’ என்று திரை அலறியது. எழுத்தையும் ஏற்கும்படி கட்டத்தை மாற்றி எழுத நாலு நாள் ஆகும். எழுத்தை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் எடுக்கச் சொல்ல ஒரே வரி போதும். எதைச் செய்திருப்பார்?

“அப்பம் ரெண்டு பன்னெண்டு வந்துருமே சார்?” என்றார் கொம்பையா.

“அலறுதது நின்னுட்டுல்லா? ஓடுதா இல்லையா வே?”

ஓடியது. பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால், பென்சிலால் ஒன்றை அடித்துவிடுவார். பெயர் இல்லையே என்று வந்து நின்றவர்களிடம், “கம்ப்யூட்டர் பொய் சொல்லாது” என்பார்.

இரண்டாம் வருஷம், நம்ம ஆபீஸ்தானே என்ற மிதப்பில், தேவசிகாமணி தன் மகள் ஃபெபியின் மனுவைக் கெடு முடிந்தபின் கொடுத்தார். கொம்பையா விசுவாசமாக அதை 47ஏ ஆக்கிச் செருகினார். மார்க் வரிசையில் பட்டியல் வந்தது. முதல் பெயர் 47-ஆம் மனுக்காரன் சுபின். ஐம்பத்தெட்டாவது பெயரும் சுபின். ஃபெபி எங்கும் இல்லை. பெயர் தேடிய இயந்திரம் முதலில் கண்ட நாற்பத்தேழிலேயே நின்று, அவள் மார்க்கையும் சுபின் தலையில் கட்டிவிட்டது.

“சார், எனக்கு ரெண்டு சீட்டு விழுந்திருக்கு. எதுல உக்காரணும்?” என்று கேட்டான் சுபின்.

தேவசிகாமணி மகளை ஓரமாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். “அழாத, உன் பேரைப் பேனாவால எழுதிச் சேத்துருதேன்.”

ஃபெபி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போன வருஷம் ‘ஏ’ போட்டவங்க பேரையெல்லாம் யாருப்பா எழுதுனா?”

அவர் கையில் பேனா மூடி திறந்தபடியே இருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டு விசிறி இன்னும் ஆடிக்கொண்டுதானே இருக்கிறது? உங்கள் கட்டிலை நீங்கள் நகர்த்திக்கொண்டீர்கள், சரி. அந்த விசிறிக்கு நேர் கீழே இப்போது யார் படுத்திருக்கிறார்கள்?