சப்பரத்தின் உயரம்

மின்விசிறி நின்றபோது மரியசெல்வி, கட்டுரையின் முதல் வரியைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னாலும் முடிவெடுத்த ஒருவர் இருக்கிறார்."

மாநில மின்சாரத்தின் அரசியலை வருடக்கணக்காக ஆராய்ந்துவரும் கல்லூரிப் பேராசிரியை அவள். காலநிலைக் கொள்கைக் குழு முதன்முறையாக அவளைப் பேச அழைத்திருந்தது. இணையவழிக் கூட்டம், இன்னும் அரைமணி நேரத்தில். வைஃபை போயிற்று. பழைய மடிக்கணினியோ கரண்டு இல்லாமல் கண்ணே திறக்காது.

லைன்மேன் பர்னபாஸைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"திருநாள் சப்பரம் வருதுல்லா டீச்சர்? ஒங்க தெருவத் தாண்டட்டும், போட்டுருதேன்."

"எல்லா வருசமும் வயருக்குக் கீழதான அண்ணாச்சி போச்சு?"

"இந்த வருசம் ஒசரம் கூடிட்டு. வயருல இடிக்கும்."

சப்பரம் சீக்கிரம் தாண்டினால்தான் கரண்டு. தெருமுனைக்கு ஓடினாள். மாதா சப்பரம் ஜெனரேட்டர் இரைச்சல்கூட இல்லாமல் ஜொலித்துக்கொண்டு, ஆடி அசைந்து வந்தது. விழாக்குழுத் தலைவர் பெவின் முன்னால் நின்றார்.

"கொஞ்சம் வெரசா எங்க வீட்டுப் பக்கம் கொண்டு வாங்க பெவின். ரொம்ப முக்கியமான காரியம்."

பெவின் அவள் முகத்தைப் பார்த்தார். இப்படி ஒரு கலக்கத்துக்குப் புன்னைக்காயல் ஊரில் ஒரே அர்த்தம்தான், மாதாவிடம் ஒரு வேண்டுதல். "நேர்ச்சையா டீச்சர்?"

கொள்கைக் குழுவை விளக்க நேரமில்லை. "ஆமா" என்றாள்.

சப்பரம் உண்மையிலேயே விரைந்தது. அவள் வீட்டு வாசலுக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"டீச்சருக்கு நேர்ச்சையாம்! முழுச் செபமாலையும் சொல்லிட்டுத்தாம் நகரணும்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார் பெவின்.

"சின்ன நேர்ச்சைதான்" என்று கெஞ்சினாள். "ஒரு மங்கள வார்த்தை செபம் போதும்."

"மாதாட்ட கஞ்சத்தனம் பண்ணாதிய. ஏலே, பாட்டும் சேத்துப் படிங்க!"

தெருவே முழங்காலிட்டது. வேறு வழியின்றி அவளும். என்ன வேண்டுதல் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே இத்தனை பேர் அவளுக்காக மன்றாடுகிறார்கள். பொய் சொன்ன நாக்கு கூசியது. கூச்சத்துக்கு அடியில் இதமாகவும் இருந்தது.

கைபேசி அதிர்ந்தது. 'தங்கள் உரை நாளை காலைக்கு மாற்றப்பட்டுள்ளது.'

மாதாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

பாட்டு முடிந்தபோது மனம் லேசாகியிருந்தது. அந்த லேசான மனத்தில் ஆராய்ச்சி மறுபடி வந்து உட்கார்ந்தது. இன்றைய மின்வெட்டையே நாளை உதாரணமாகச் சொன்னால் என்ன? முடிவெடுத்தவர் யார் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டு அமலோற்பவத்திடம் கேட்டாள். "இந்த வருசம் சப்பரத்த ஒசத்துனது யாருக்கா?"

"ஏளா, வெளையாடுதியா? ஜெனரேட்டர் பொக வேண்டாம், சோலார் போடுங்கன்னு போன திருநாள்ல மேடையேறிப் பேசுனது நீதான? அந்தத் தகட்டத்தாம் சப்பரத்துக்கு மேல தூக்கி வச்சிருக்கு!"