இடது பக்கத்துப் பாசம்

சாவு நடந்த கேத வீட்டில் கதறி அழுதவன் என்று என்னை மரியாதையாகப் பார்க்கிற ஒரு கிராமம் திருச்சுழிக்குத் தெற்கே இருக்கிறது. அந்த மரியாதைக்கு நான் தகுதியானவன் இல்லை.

நான் அருப்புக்கோட்டையில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். இருபத்தெட்டு வயதில் முதல் சிறுநீரகக் கல் வந்தது. இரண்டாவதை மதுரையில் வெளியிலிருந்தே அதிர்வு கொடுத்து உடைத்தார்கள். மூன்றாவது தானாக இறங்கியது. (வாழைத்தண்டுச் சாறால்தான் என்று என் மனைவி செல்வி சொல்கிறாள். நெருஞ்சிமுள் கஷாயம் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் இதை ஒப்புக்கொள்வதில்லை.) டாக்டர் ஒவ்வொரு முறையும் "தண்ணி குடிங்க" என்பார். நானும் ஒரு மாதம் குடிப்பேன். பிறகு வலி மறந்துவிடும்; கூடவே தண்ணீரும்.

சித்தப்பா வீட்டோடு எங்களுக்குப் பன்னிரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் என் கல்யாணப் பத்திரிகை. அதில் சித்தப்பா பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சகத்தில் பிழை பார்த்துக் கொடுத்தவன் நான்தான். செல்வியின் பெயருக்குப் பின்னால் அவள் படிப்பு சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டில் கேட்டபோது அச்சகத்தின் மேல் பழியைப் போட்டேன். அப்பா அதை நம்பித் தம்பியிடம் வாதாடினார். வாதம் சண்டையாகி, ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்றானது. அப்பா இறந்தபோது சித்தப்பா வந்து மாலை போட்டார். யாரோ நீட்டிய தண்ணீரை வாங்காமல், தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அன்றைக்காவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், சித்திரை வெயிலில் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். செல்வி அப்போது காரியாபட்டியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். போனிலேயே எச்சரித்தாள்.

"அங்க போயி தண்ணி குடிக்க மாட்டீக. வீட்டுலயே ரெண்டு பாட்டிலு குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"குடிச்சிட்டு? கேத வீட்டுல ஒதுங்க எடந்தேடி அலையவா?" என்று கேட்டு போனை வைத்தேன். (அறிவாளி.)

மாலை போட வேண்டியது, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்க வேண்டியது, பஸ் ஏற வேண்டியது. இதுதான் திட்டம். திருச்சுழி வரை நின்றுகொண்டே போனேன். அங்கிருந்து மினி பஸ் போய்விட்டதால் மிச்ச தூரத்தை நடந்தேன். வழியிலேயே இடது இடுப்பில் ஏதோ உறுத்தியது. வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தலுக்குள் ஐஸ் பெட்டியில் சித்தப்பா படுத்திருந்தார். காலையிலிருந்து அழுது ஓய்ந்த பெண்கள் சுற்றிலும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. எல்லாரும் பார்க்க, மாலையை வைக்கக் குனிந்தேன். இடது விலாவுக்குக் கீழே யாரோ கடப்பாரையை இறக்கினார்கள்.

"அய்யோ! தாங்க முடியலையே!"

கத்தியது நான்தான். ஐஸ் பெட்டியின் மேல் அப்படியே விழுந்தேன். குளிர்ந்த கண்ணாடி வயிற்றில் பட்டதும் ஒரு நொடி சுகமாக இருந்தது. அதனால் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கண்ணீர் தாரையாகக் கொட்டியது. ஓய்ந்திருந்த பெண்கள் மறுபடி மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். என்னைத் தூக்க வந்த இரண்டு பேரை ஒரு பெரியவர் தடுத்தார்.

"விடுங்கப்பா, அழுது தீக்கட்டும். பன்னண்டு வருசமா உள்ளயே அடக்கி வச்சிருந்திருக்கான். பாசம்யா!"

அடுத்ததாக, மாலைகளுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன்.

"பாருங்கய்யா, பாசத்துல கொடலே பெரளுது" என்றார் அவர்.

அப்போதுதான் முருகேசன் வந்தான். சித்தப்பாவின் ஒரே மகன். எனக்கு ஒத்த வயது. சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். சட்டையைப் பிடித்து வெளியே தள்ளப் போகிறான் என்று நினைத்தேன். அவன் என்னையே பார்த்தான். நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நெளிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் குத்தவைத்து, காதோரம் கேட்டான்.

"ஏலே, கல்லா?"

தலையாட்டினேன்.

"எந்தப் பக்கம்?"

"எடது."

"எறங்கிருச்சா, மேலயே நிக்கிதா?"

பட்டவனைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கேள்வி தெரியாது. அவனுக்கும் கல் இருக்கும் சேதி அன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் பேசாதிருந்த வருடங்களில் அவன் மூன்று கல்லைப் பெற்றிருந்தான். அப்பாவைப் பறிகொடுத்து நின்றவனின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து உடனே மறைந்தது. உள்ளே போய்த் தன் வலி மாத்திரையை எடுத்து வந்தான்.

சித்திக்கு மயக்கம் வந்தால் கொடுக்க ஒரு செம்புத் தண்ணீர் வைத்திருந்தார்கள். சித்தி அதை எடுத்து என்னிடம் நீட்டினாள். அழுகைச் சத்தம் அடங்கியது. அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். நான் வாங்கி, ஒரே மூச்சில் குடித்தேன்.

"இன்னொரு செம்பு" என்றேன்.

சித்தி பெட்டியின் பக்கம் திரும்பி வெடித்து அழுதாள். "நம்ம வீட்டுல தண்ணி குடிக்கிறான். இதப் பாக்காமப் போயிட்டீகளே!"

வலியோடு வலியாக அந்தச் சொல்லும் உள்ளே இறங்கியது. வலி அடங்கவில்லை. பந்தலுக்கு நாற்காலி இறக்க வந்த லோடு ஆட்டோவில் ஏற்றி அருப்புக்கோட்டைக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஊரில் சித்தப்பாவை எடுத்துப் போன நேரத்தில் நான் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம். உரிமைப்பட்ட நான் ஒரு பிடி மண் போடவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன். எல்லாரும் சாப்பிடப் போனபின் சித்தியிடம் உட்கார்ந்து, அன்று அழுதது கல் வலியால் என்று சொன்னேன்.

"போய்யா" என்றாள். "முருகேசனுக்குந்தான் கல்லு இருக்கு. அவன் என்னைக்காவது ஐஸ் பெட்டியக் கட்டிப் புடிச்சு அழுதானா?"

அவள் நம்பவே இல்லை. பிறகு பத்திரிகை விஷயத்தையும் சொன்னேன். இதை உடனே நம்பினாள்.

"இத அவுக இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாம்லய்யா" என்றாள்.

உட்கார்ந்தே இருந்தேன். "பாயாசம் தீந்திரும், போயிச் சாப்பிடு" என்றாள்.

அந்தக் கல்லைப் பிறகு குழாய் விட்டு எடுத்தார்கள். முருகேசன்தான் கூட இருந்தான். முழுக் கதையையும் செல்வியிடம் சொன்னவனும் அவன்தான். அதிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் கல் வலி என்று யாரும் சொல்வதில்லை. நான் லேசாக இடுப்பைப் பிடித்தால் போதும், "அப்பாவுக்குப் பாசம் வருதும்மா" என்று என் மகள் உள்ளே பார்த்துக் கத்துவாள்.

போன மாதம் கடையில் இருந்தபோது சித்தி கூப்பிட்டாள். குரலில் பதற்றம்.

"முருகேசனுக்கு விடியக்காலம் புடிச்சுப் பாசம்யா. ரொம்பத் துடிக்கிறான். வண்டி எடுத்துட்டு வாரியா?"