தலை ஆடாத பதினோரு நாள்

இனிமேல் இந்த வீட்டில் தன் தலை தன் இஷ்டப்படி மட்டும்தான் ஆடும் என்று பரஞ்சோதி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சபதம் எடுத்தார். எடுத்த இடம், கெடா மாநிலத்து சிடாம் கிரியில் அவருடைய வீட்டு வாசல். எதிரே நாற்பது கிலோ வெங்காயம்.

வெங்காயம் கோயில் அன்னதானத்துக்கு. உரித்துத் தருவதாக ஒப்புக்கொண்டவர் பரஞ்சோதி. எப்போது ஒப்புக்கொண்டார் என்பதுதான் அவருக்கே தெரியவில்லை.

"நான் எப்ப, ரமணி, சரின்னு சொன்னேன்?"

"போன வெள்ளிக்கெழமை. கேட்டேன், தலையாட்டுனீங்க. ஒரு தரமா? எட்டு தரம்!" என்றாள் மனைவி.

"அது பாட்டுக்கு ஆட்டுனதுலா!"

"எனக்கு எப்படித் தெரியும்? காதுக்குள்ள ஓடுறது எனக்கா கேக்குது? வீடியோ எடுத்து கோயில் தலைவருக்கு அனுப்புனேன். வெங்காயம் உரிக்க இந்த மனுசனுக்கு இவ்ளோ ஆசையான்னு அசந்துட்டாரு."

அதற்கு முந்திய வாரம் இதே போல ஆடிய தலையால்தான் பாலிங் ஊரில் இருந்து மைத்துனருடைய சேவல் ஒன்று வந்து கொல்லையில் தங்கியிருந்தது. அது அதிகாலையில் கூவும். பரஞ்சோதிக்குச் சேவல் என்றாலே ஆகாது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஹெட்போன்.

பரஞ்சோதி இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அரிசி மூட்டை அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தார். உறுமி மேளப் பாட்டைப் போட்டால் அடி ஒவ்வொன்றும் முதுகெலும்பில் ஏறும். ஷிப்டு முடிந்து சோர்ந்து வரும் நாற்பது பெண்கள் பின்னால் கை தட்டுவார்கள். "அண்ணே, இன்னும் கொஞ்சம் சத்தம்ணே!" என்பார்கள். அண்ணன் வைப்பார். சுங்கைப் பட்டாணி சாலையோரக் கடைகளில் கண்ணாடிப் புட்டிகள் கிடுகிடுக்கும்.

பிறகு ஓய்வு வந்தது. பஸ் வேறு கைக்குப் போனது. ஒரே மகள் ஷீலா கல்யாணமாகி ஜோகூருக்குப் போனாள். வீட்டில் சத்தம் என்று மிஞ்சியது ஐஸ்பெட்டியின் முனகல்தான். ரமணி பேசுவாள்தான். ஆனால் நாற்பது பேர் இரைச்சலில் வாழ்ந்தவருக்கு ஒரு குரலைச் சத்தமாகவே எண்ணத் தோன்றவில்லை. பாருங்கள் மனுஷனின் காதை!

சுங்கைப் பட்டாணி கைப்பேசிக் கடைப் பெண்தான் அந்த ஹெட்போனை எடுத்து நீட்டினாள். "அங்கிள், இது பேஸ் காவ்-காவ்லா, அடி ரொம்ப கனம். போட்டா நெஞ்சே ஆடும்."

நெஞ்சு மட்டுமா ஆடியது? பஞ்சுத் திண்டுகள் காதை மூடியதும் பஸ் கதவு மூடியதைப் போல உலகம் வெளியே நின்றுவிட்டது. அடியாழத்தில் இருந்து உறுமி முனகி எழுந்தது. முதல் அடி தாடையில் விழுந்தது, இரண்டாவது வயிற்றில். பரஞ்சோதி கண்ணை மூடினார். இடது கை தானாக கியர் மாற்றியது. பின்னால் நாற்பது பேர் இருந்தார்கள். பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் சும்மா கிடந்தன. அதனால் அடுத்த பாட்டைப் போட்டார். காலை முதல் மாலை வரை அப்படியே போட்டுக்கொண்டிருந்தார்.

மாலையானால் பேட்டரி செத்துவிடும். நாள்காட்டிக்குக் கீழே ஆணியில் தொங்கும் சார்ஜ் வயரை எடுப்பார். ஒரு நாள் அது ஆணியில் இல்லை என்றால் வீடு இரண்டாகிவிடும்.

வெங்காயம் உரித்து முடித்த கையோடு, அழுத கண்ணோடு, ஒரு திட்டம் தீட்டினார். ஹெட்போன் காதில் இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது. ரமணி என்ன கேட்கிறாள் என்று ஒட்டுக்கேட்டு, கழுத்தை மரக்கட்டையாக வைத்துக்கொள்வது. மூடிய காதில் பேச்சு விழுமா என்ற கவலையே இல்லை. ரமணி ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மரத்துக்கு மரம் கூவிப் பேசி வளர்ந்தவள். அவள் குரலுக்குப் பஞ்சுத் திண்டு எம்மாத்திரம்?

புதன்கிழமை காலை. ரமணி கங்கோங் கீரையும் கத்தியுமாக எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னாங்க, வீட்டுக்குப் பச்சை சாயம் அடிக்கலாமா? நல்லா கிளிப்பச்சை?"

பரஞ்சோதி கண்ணை மூடியபடி கல்லாக இருந்தார். தலை அசையவில்லை. ரமணி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று பரஞ்சோதிக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

மறுநாள் அவள் எதையும் கேட்கவில்லை. சும்மா பேசினாள்.

"ஷீலா இன்னிக்கும் போன் பண்ணல. பண்ணுனாலும் அப்பா நல்லா இருக்காரா, சரிம்மா, வச்சிடவாம்பா. அவளையும் சொல்லக் கூடாது, வேலை பெனாட்டா இருக்கும், அலுத்து வருவா." காம்புகளை ஒடித்துக்கொண்டே இருந்தாள். "இருபத்தெட்டு வருசம் நீங்க பஸ்ல இருந்தீங்க. ஒங்களுக்கு நாப்பது பேரு. எனக்கு இந்தச் செவுரு. ரிட்டயர் ஆனா பேச ஆள் கிடைக்கும்னு ஒவ்வொரு வருசமா எண்ணிக்கிட்டு இருந்தேன். இப்ப மூணு அடி தள்ளித்தான் இருக்கீங்க. நீங்க ஜோகூர்ல இருந்தாக்கூட போன்ல கூப்புட்டிருப்பேன்."

பரஞ்சோதிக்கு உறுமி அடி தாடையில் விழுவது பழக்கம். இது வேறு எங்கோ விழுந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு "ரமணி" என்று கூப்பிட வேண்டும்போல இருந்தது. கூப்பிட்டால் ஒட்டுக்கேட்ட குட்டு உடைந்துவிடும். கல்லாகவே இருந்தார். காதுக்குள் பாட்டும் இல்லை, வாயில் பேச்சும் இல்லை. பஸ் போன நாளில்கூட அவருக்கு இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

அன்று மாலை கொல்லைப்புறம் போய், சேவலுக்கு முன்னால் நின்று ஜோகூருக்கு போன் போட்டார். "ஷீலா, அம்மாவுக்கு தினமும் போன் பண்ணு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

மறுநாள் ரமணி பூரித்துப் போய் எதிரே உட்கார்ந்தாள். "ஷீலா அரை மணி நேரம் பேசினா! அதிசயம்தான்." பிறகு ஒரு பெருமூச்சு. "சமையக்கட்டுக் கொழாய் ஒழுகுது. யாரு கிட்ட சொல்ல?"

மதியம் குழாய் ஒழுகவில்லை.

"சுடச்சுட பீசாங் கோரெங் தின்னு எத்தனை நாளாச்சு" என்றாள். சாயங்காலம், சும்மா நடக்கப் போனேன் என்று சொல்லிக்கொண்டு, பரஞ்சோதி வாழைப்பழப் பலகாரத்தோடு வந்தார். சேவல் பாலிங்குக்குத் திரும்பிப் போய்விடுமோ என்று அவள் கவலைப்பட்ட மறுநாள் அதற்குப் புதுக் கூண்டே அடித்துக் கொடுத்தார். ரமணி ஒவ்வொன்றுக்கும் மோவாயில் கை வைத்து, "நான் மனசுல நெனச்சது ஒங்களுக்கு எப்படிங்க தெரியுது?" என்று கேட்டாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். தன்னைப் போல ஒரு கெட்டிக்காரப் புருஷன் கெடா மாநிலத்திலேயே இல்லை என்று நம்பினார். அவள் குரலுக்காகக் காலையில் சீக்கிரமே ஹெட்போனை மாட்டிக்கொள்ளவும் தொடங்கினார்.

பதினோராம் நாள், சனிக்கிழமை, "யான் ஊரு கடலோரம் போயி சுட்ட மீனு தின்னணும்" என்று அவள் காலையில் புலம்பியதற்காக காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஹெட்போன் வீட்டில் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் ரமணி பேசினாள். அவர் பதில் சொன்னார். நாற்பது பேர் இருந்த பஸ்ஸில்கூட வழி இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை.

வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கு நிஜமாகவே ஒரு பாட்டு கேட்க ஆசை வந்தது. ஹெட்போனை அழுத்தினார். உயிர் இல்லை. ஆணியைப் பார்த்தார். ஆணி மட்டும்தான் இருந்தது.

"ரமணி! என் சார்ஜ் வயரப் பார்த்தியா?"

அவள் நிதானமாகப் போய் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு வயரை எடுத்து வந்தாள்.

"போன வாரம் புதன்கெழமை எடுத்து வச்சேன். தெனமும் சாயங்காலம் வயரு வயருன்னு கத்துற மனுசன், பதினோரு நாளா தேடவே இல்லையே. பாட்டு எதுலங்க ஓடுச்சு?"

"ஒனக்கு எப்படி…"

"பாட்டு ஓடுனா ஒங்க தல ஒரு நிமிசம் நிக்காது. அன்னிக்கு நின்னுச்சு."

"அப்ப தனியா இருக்கேன்னு நீ சொன்னதெல்லாம் சும்மாவா?"

ரமணி வயரை விரலில் சுற்றினாள். "அது அத்தனையும் நெசம். மூஞ்சிக்கு நேரா சொன்னா காதுல எதையாச்சும் மாட்டிக்கிறீங்க. மாட்டிக்கிட்டப்பத்தான் கேக்குறீங்க. பொய்க்கு உக்காந்திருந்தது நீங்க ஒருத்தர்தான்."

வயரை அவர் கையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, இப்பச் சொல்லுங்க. அந்தக் கிளிப்பச்சை?"

பாட்டே இல்லாமல் பரஞ்சோதியின் தலை எட்டு தரம் ஆடியது.