கடுகளவு மாத்திரையும் எளிமைப்படுத்தல் உபகுழுவும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் ஜெயம்மாளுக்கு அந்தப் பசையால் கையெல்லாம் அரிப்பு. சும்மா அரிப்பில்லை, சோறு பிசைய விடாத அரிப்பு. கை ஆறினால்தான் வேலை என்று சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாவம், என்ன செய்வாள்? வேலூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் அரிப்புக்குப் புது மாத்திரை சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். கூடவே அதே பசை வேலை, அதே அரிப்பு என்று முத்துமாரியும் மரியம்மாளும்.

மருந்தின் அளவுக்கு டாக்டர் முனீர் அகமது ஒரே பக்கத்தில் விதி எழுதியிருந்தார். மூன்று பேருக்குக் கொடு. யாருக்கும் தொந்தரவில்லை என்றால் அளவை ஏற்று. ஒருத்தருக்கு வந்தால் அதே அளவை இன்னும் மூன்று பேருக்குக் கொடுத்துப் பார். அதற்குமேல் வந்தால் இறக்கு. உடம்புக்குத் தக்கபடி அளவை மாற்றும் இதற்குத் தகவமைப்பு முறை என்று பெயர்.

கண்காணிப்புக் குழுத் தலைவர் கிருஷ்ணராஜ் படித்துப் பார்த்துக் கவலையானார்.

"இது எனக்கே புரியுதே டாக்டர். அப்போ எங்கயோ தப்பிருக்கு."

உடனே எளிமையின் உண்மைத்தன்மையை ஆராய எளிமைப்படுத்தல் உபகுழு சீரிய முறையில் அமைக்கப்பட்டது. அது எளிமைக்கு விளக்கம் எழுதியது, விளக்கத்துக்குக் கையேடு போட்டது, கையேட்டைப் புரியவைக்க அமிர்தியில் பயிலரங்கம் நடத்தி அருவியையும் பார்த்துவிட்டு வந்தது. அதுவரை அளவை ஏற்றக் கூடாதாம். மூவருக்கும் கடுகளவு மாத்திரைதான். தொந்தரவுமில்லை, பிரயோஜனமுமில்லை.

பார்வையிட வந்த தலைவரிடம், மருந்தைக் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணக் கூடாதா என்று ஜெயம்மாளே கேட்டுவிட்டாள்.

"இது தகவமைப்பு முறைம்மா," என்றார் கனிவாக. "மாத்திரையை ஏத்த இன்னும் அனுமதி வரல. அதுவரைக்கும் நீங்க தகவமைச்சுக்குங்க."

அட, இதற்குமேல் இன்னா பேசுவது? கம்பெனியிலோ இந்த வாரம் வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அரிப்பு எப்படியிருக்கிறது என்று தலைவர் விசாரித்ததும் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"பூரா போய்ட்ச்சு சார்."

மற்ற இருவருக்கும் மட்டும் வேலை வேண்டாமா? அவர்களுக்கும் அரிப்பு போய்விட்டது. மிகக் குறைந்த அளவிலேயே நூற்றுக்கு நூறு வெற்றி என்று அறிக்கை பறந்தது. பசை லைனில் எல்லோருக்கும் காலையில் அந்த மாத்திரை. சூப்பர்வைசர் தலை தெரிந்தால் ஒருத்தரும் சொறிவதில்லை.

கம்பெனியிலேயே பாராட்டு விழா. முதலில் குணமானவள் என்று ஜெயம்மாளைத் தலைவர் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். அவர் காலில் கம்பெனி அன்பளிப்பாகக் கொடுத்த புது ஷூ. மேஜைக்கடியில் ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் தேய்ப்பு அவளுக்குத் தெரியாதா?

"அரிக்குதா சார்?" என்றாள் மெதுவாக.

"எனக்கா? நானும் அந்த மாத்திரைதான் சாப்பிடறேன். பூரா போய்டுச்சு."

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டாக்டர் அதையும் வெற்றியில் குறித்துக்கொண்டார். அடுத்த சோதனைக்கு அவருக்கும் தலைவர் கையெழுத்து வேண்டியிருந்தது.