முதுகில் கயிறு கட்டிய காட்டுப்பூ

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் தூங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். மற்ற ஆண்கள் வீடு கட்டுகிறேன், நாட்டைத் திருத்துகிறேன் என்றெல்லாம் முடிவெடுக்கிறார்கள். எனக்கு அவ்வளவு பேராசை கிடையாது. மல்லாந்து படுக்க வேண்டும். யாரும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான்.

எனக்கு உத்தியோகம் குடிநீர் அலுவலகத்தில், புகார்ப் பிரிவில். தண்ணீர் வரவில்லை என்று திட்டுகிறவர்கள் காலையில் வருவார்கள். வந்த தண்ணீர் நாறுகிறது என்று திட்டுகிறவர்கள் மதியம் வருவார்கள். ஆறு நாள் இரண்டு காதிலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ஏழாவது நாள் தையல் பிரிக்க வேண்டும். என் மனைவி தையற்காரி. முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேசை, அவள் கழுத்தில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப். வாரம் முழுக்க அவள் தைப்பாள். வாடிக்கையாளர் பெருத்தது, இளைத்தது, மனசு மாறியது எல்லாம் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை என் மடியில் வந்து விழும். பிரிக்கிற கத்தியையும் கையில் கொடுத்துவிடுவாள். கல்யாணம் என்றால் சேர்ந்து வாழ்வது என்கிறார்கள். நான் பதினோரு வருஷமாகப் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கட்டிலில் ஐந்து நிமிஷம் சாய்ந்தால் போதும்.

"ஏங்க, தூங்கறீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப எழுந்து வாங்க."

"தூங்கறேம்மா."

"தூங்கறவரு பதில் சொல்லுவாரா? வாங்க, வாங்க."

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த நிலையில்தான் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் நூலகத்தில் ஒரு அறிவிப்பைப் பார்த்தேன். யாரோ ஒரு பெரிய மனிதர் சாகும்போது ஒரு பெட்டி நிறையப் பழைய படங்களை நூலகத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். செப்புத் தகட்டில் செதுக்கி, மை தடவி, தாளில் அழுத்தி எடுத்த படங்கள். நூற்றைம்பது வருஷத்துச் சரக்கு. பாதி காட்டுப்பூக்கள். மீதிப் பாதி நாடக மேடையில் ஆடினவர்கள், பாடினவர்கள். எல்லாம் ஒரே ஆள் செதுக்கியதாம். கோடையில் காட்டுக்குப் போய்ப் பூக்களை வரைவாராம். குளிர்காலத்தில் நாடகக் கொட்டகைக்குப் போய் நடிகர்களை வரைவாராம். அவர் எந்த மாதம் ஓய்வெடுத்தார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவரை நினைக்கவே எனக்கு அசதியாக இருந்தது.

இந்தப் படங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுத ஞாயிறுதோறும் ஆள் வேண்டும். சம்பளம் கிடையாது. அதனால் ஒருவரும் வரவில்லை. நான் போய் நின்றதும் நூலகர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள மாதிரி ஆர்வம் உள்ளவங்க இந்தக் காலத்துல எங்க சார் இருக்காங்க?"

அவர் காட்டிய அறையைப் பார்த்ததும் என் ஆர்வம் இரண்டு மடங்கானது. மாடியில் கடைசி அறை. தடித்த சுவர். ஒரே ஒரு ஜன்னல். நடுவில் பச்சைத் துணி விரித்த நீள மேசை. ஆறடி ஆள் தாராளமாக நீட்டிப் படுக்கலாம். நான் ஐந்தே முக்கால்.

வீட்டில் விஷயத்தைப் பக்குவமாக எடுத்தேன்.

"நூலகத்துல ஒரு சேவைக்குக் கூப்பிடறாங்கம்மா. ஞாயித்துக்கிழமை மதியம்."

"என்ன சேவை?"

"பழைய காட்டுப்பூ படமெல்லாம் வந்திருக்கு. ஒவ்வொண்ணா பார்த்துச் சீட்டு எழுதணும்."

"உங்களுக்கு ரோஜாவுக்கும் முட்டைக்கோசுக்குமே வித்தியாசம் தெரியாதே."

"அதான் கத்துக்கலாம்னு போறேன்."

"பெட்டில வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன இருக்கும்? பூதான்."

நடிகைகள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எத்தனை நடிகை, என்ன வயசு, எதற்கு உங்களைக் கூப்பிட்டார்கள் என்று அடுத்த ஞாயிறு வரை விசாரணை நடக்கும். பூவோடு நிறுத்திக்கொண்டேன்.

"சரி, போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கம், உறைக்கவில்லை.

முதல் ஞாயிறு. வெள்ளைக் கையுறை மாட்டினேன். பூப் படங்களை வைத்துக் கட்டியிருந்த அட்டையின் நாடாவை அவிழ்த்து முதல் படத்தை எடுத்தேன். "பூ. மஞ்சள். இதழ் ஐந்து" என்று சீட்டு எழுதினேன். கடமை முடிந்தது. கையுறையைக் கழற்றினேன். அட்டையைத் தலைக்கு வைத்து மேசையில் ஏறிப் படுத்தேன். அந்தத் தூக்கத்தை நான் எப்படிச் சொல்ல? யாரும் திட்டவில்லை. யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. எழுந்தபோது கண்ணோரம் ஈரமாக இருந்தது. சந்தோஷத்தில்தான்.

சாயங்காலம் அவள் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இன்னைக்கு என்ன பூ?"

"மஞ்சள் பூ. அஞ்சு இதழ்."

"அது ஒண்ணுதானா? மூணு மணி நேரமா?"

"நுணுக்கமான வேலைம்மா. அவசரப்பட்டா கெட்டுப்போயிடும்."

இரண்டாம் ஞாயிறு சீட்டில் "இன்னொரு பூ" என்று எழுதினேன். மூன்றாம் ஞாயிறு "அதுவும் பூ". வீட்டுக்கு வரும் வழியில் ஒரு நிறமும் இதழ்க் கணக்கும் கற்பனை செய்துகொள்வேன். அவள் தினுசு தினுசாகக் கேள்வி கேட்பாள். நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். பதினோரு வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

இதற்கு நடுவில் அவளுக்கு ஒரு பெரிய தலைவலி வந்து சேர்ந்தது. ஒரு நாடகக் குழு பதினாலு உடைக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. ராஜா, ராணி, தோழிகள், கோமாளி. "அந்தக் காலத்து மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மாதிரிப் படம் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

"எந்தக் காலம்னு கேட்டா, பழைய காலம்ங்கறாங்க" என்று காகிதத்தை வெட்டுவாள், கசக்குவாள், மறுபடி வெட்டுவாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தைத் தாங்க முடியாமல் அந்த ஞாயிறு நான் அரை மணி முன்னதாகவே நூலகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

அது நாலாவது ஞாயிறு. முன்னதாகப் போனதால் முன்னதாகத் தூங்கினேன். ஆனால் முன்னதாக எழவில்லை. நூலகம் மூடுகிற மணி அடித்தபோதுதான் விழித்தேன். வீட்டில் சொல்ல ஒரு பூகூடக் கையில் இல்லை. கற்பனையும் தீர்ந்துபோயிருந்தது. பதறிப்போய் ஒரு அட்டையைத் திறந்தேன். அது தப்பான அட்டை. உள்ளே ஒரு நாட்டியக்காரி நிலைக்கண்ணாடிக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்றாள்; கண்ணாடியில் அவள் முதுகும் தெரிந்தது. கீழே நூலகர் அம்மா சாவியைக் குலுக்கினார். இருந்த அவகாசத்தில் அவளை மேலும் கீழும் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு ஓடினேன். பூ என்ன, பெண் என்ன, சொல்கிற விதத்தில் சொன்னால் போகிறது என்று நினைத்தேன்.

"இன்னைக்கு என்ன பூ?"

"அபூர்வமான பூம்மா. மேல ரெண்டு பக்கமும் பொம்முனு உப்பிக்கிட்டு இருக்கு."

"ம்."

"நடுவுல ஒடுங்குது. ரொம்ப ஒல்லி. அப்புறம் கீழ மூணு அடுக்கு விரியுது."

அவள் மெஷினை நிறுத்தினாள். சாக்குக்கட்டியை எடுத்து வெட்டுமேசைத் துணியில் கோடு போட ஆரம்பித்தாள். என் பேச்சுக்கு யாரும் குறிப்பெடுத்தது அதுவே முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மூணு அடுக்கும் ஒரே நீளமா?"

"இல்லல்ல. மேல் அடுக்கு குட்டை. போகப்போக நீளம்."

"சுருக்கம் வச்சதா, மடிப்பு எடுத்ததா?"

"சுருக்கம்."

"கழுத்து?"

"சதுரம். ஓரத்துல லேஸ் மாதிரி."

"முதுகுல கொக்கியா, கயிறா?"

"கயிறு. குறுக்கும் நெடுக்குமா இழுத்துக் கட்டியிருக்கு."

அவள் நிமிர்ந்தாள்.

"எந்தப் பூவுக்குங்க முதுகுல கயிறு கட்டுவாங்க?"



"காட்டுப்பூதானே. காட்டுல எதுவும் ஒரு கட்டுப்பாட்டுல இருக்காது. அதனால கட்டியிருப்பாங்க."

சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோடு போட்ட துணியை மடித்து வைத்துவிட்டு, "அடுத்த வாரம் நானும் வரேன்" என்றாள்.

நான் தடுக்காமலில்லை. அங்கே தூசி என்றேன். தைக்கிற அறையில் இல்லாத தூசியா என்றாள். மாடிப்படி செங்குத்து என்றேன். நீங்களே ஏறும்போது எனக்கென்ன என்றாள். வெளியாட்களை விடமாட்டார்கள் என்றேன்.

"நூலகர் அம்மாகிட்ட கேட்டாச்சு."

"எப்போ?"

"போன மாசம். சட்டை தைக்கக் குடுக்க வந்தாங்களே, அப்போ."

போன மாதம்! அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஐந்தாம் ஞாயிறு அவள் இஞ்ச் டேப்போடு என் பின்னால் மாடி ஏறினாள். கையுறை மாட்டிக்கொண்டு நேராக, நாடகம் என்று எழுதியிருந்த அட்டையைத் திறந்தாள். மெல்லிய தாளை விலக்கி, ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். ராணி, தோழி, கோமாளி, கத்தி பிடித்த ராஜா. அவள் முகத்தில் ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த வெளிச்சம் திரும்பி வந்தது.

"ஒரு மாசமா நான் காகிதத்தைக் கசக்கிக்கிட்டிருக்கேன். முதுகுல கயிறுன்னு நீங்க சொன்னப்பதான் இங்க நாடகப் படமும் இருக்குன்னு புரிஞ்சுது. நீங்க இத்தனையையும் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கீங்க."

"தூக்கமா? யாரு சொன்னா?"

"முதல் வாரமே தெரியும். கன்னத்துல அட்டை நாடாவோட தடம். அரை இஞ்ச் நாடா. தையற்காரிகிட்ட மறைக்கிற தடமாங்க அது?"

பிறகு என் சீட்டுகளை எடுத்து உரக்கப் படித்தாள்.

"பூ. மஞ்சள். இதழ் ஐந்து. இன்னொரு பூ. அதுவும் பூ. இது என்ன, நாலாவது சீட்டையே காணோம்?"

"நேரமாயிடுச்சு."

"முதல் வாரமே தெரிஞ்சும் ஏன் கேக்கலனு கேக்க மாட்டீங்களா?"

"ஏன் கேக்கல?"

"ஒரு மனுசன் தூங்கறதுக்கு இவ்வளவு பாடுபடறாரேன்னு பாவமா இருந்துச்சு. நாலு வாரமா பிரிக்கிற வேலையையும் நான்தான் செஞ்சேன்."

எனக்கு நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது. பிரிக்க வேண்டியதெல்லாம் நான் இல்லாவிட்டால் தானாகப் பிரிந்துகொள்ளும் என்று நினைத்திருந்தேன் போல. அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"இப்ப நான் என்னம்மா செய்யணும்?" என்றேன். இதைவிட ஆபத்தான கேள்வியை ஒரு கணவன் கேட்க முடியாது.

பையிலிருந்து கட்டம் போட்ட காகிதம், பென்சில், அடிக்கோல் எல்லாம் வந்தன. எல்லாம் தயாராகத்தான் கொண்டுவந்திருக்கிறாள்.

"இந்தப் பதினாலையும் அளவோட வரைஞ்சு குடுங்க. முன்பக்கம், கை, கழுத்து எல்லாம் தனித்தனியா. அப்புறம், எல்லாத்தையும் திருப்பி வரையணும்."

"ஏன்?"

"ராஜா கோட்டுல பொத்தான் எந்தப் பக்கம் இருக்கு பாருங்க. கத்தியும் இடது கையில. தகட்டுல நேரா செதுக்கியிருக்கான், அச்சுல திரும்பி விழுந்துடுச்சு. நீங்க வலத்தை இடமா, இடத்தை வலமா போடுங்க."

"அப்ப பூ?"

"அதுக்குச் சீட்டும் எழுதுங்க. மாசக் கடைசிக்குள்ள நூத்திப் பத்துப் பூவையும் முடிச்சுக் குடுப்பீங்கன்னு அந்த அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."

நான் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வலது தோளை இடது தோளாக வரைந்து முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். அட்டைகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, அவள் பச்சை மேசையில் ஏறிப் படுத்திருந்தாள். தலைக்குக் கீழே என் பை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இஞ்ச் டேப் இன்னும் கழுத்தில்.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாலு வாரம் நான் பயந்த சத்தம். எழுப்பலாமா என்று யோசிப்பதற்குள் நூலகர் அம்மா உள்ளே வந்துவிட்டார். மேசையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பாவம், தூங்கட்டும். எவ்வளவு உழைக்கிறவங்க" என்று கிசுகிசுத்தார்.

பூனை நடையாகப் போய் மேசைக்கு மேல் எரிந்த விளக்கை அணைத்தார். பிறகு என்னிடம் வந்து என் காதருகே குனிந்தார்.

"உங்களுக்கு ஜன்னல் வெளிச்சம் போதும்ல சார்? பென்சிலை மட்டும் கொஞ்சம் சத்தமில்லாம ஓட்டுங்க."