மணப்பெண் இல்லாத கல்யாண வீடியோ

என் தங்கப் பேத்திக்கு, பாட்டி ஆசையோடு எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் கடிதத்தில் ஒரு வரி எழுதினால்தானே தெரியும்.

முதலில் நல்ல சேதி. உன் பெரியண்ணன் வங்கியில் மேலாளர் ஆகிவிட்டான், தனியாகக் கண்ணாடி அறை, உள்ளே கொட்டாவி விட்டால்கூட வெளியே தெரிகிறதாம். உன் தங்கை பல் டாக்டர் ஆகிவிட்டாள், முதலில் பிடுங்கியது என் பல்தான், வலித்தது பக்கத்துப் பல் என்றாலும் பிடுங்கிய அழகைச் சொல்ல வேண்டும். உன் அத்தை மகன் விமான நிலையத்தில் இருக்கிறான், ஓட்டுவது பெட்டி ஏற்றுகிற வண்டிதான், ஆனாலும் விமானத்துக்கு எவ்வளவு கிட்டே!

உன்னைப் பற்றி யாராவது கேட்டால்தான் எங்கள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சாக்கடைக்குள் இறங்குகிறவர், பிணவறையில் வேலை செய்கிறவர் என்று யாரும் ஏறிட்டுப் பார்க்காத மனிதர்களைத் தேடித் தேடிப் படம் எடுக்கிறாய் என்று எப்படிச் சொல்வது? அந்தச் சாக்கடைப் படத்துக்கு நாமெல்லாம் போனோமே, நம் வீட்டு ஆட்களை விட்டால் விளக்கு அணைக்கிறவர்தான் மிச்சம். பாதியில் உன் மாமா, "கதாநாயகன் எப்பம்மா வருவான்?" என்றார். நீ திரும்பாமலே, "இப்பதான் மாமா குழிக்குள்ள இறங்கினாரு" என்றாய். அதற்குப் பிறகு மாமா தூங்கிவிட்டார்.

இதனால்தான் உன் அப்பா, "என் பொண்ணு கல்யாண வீடியோ எடுக்கிறா" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தான். மாடிவீட்டம்மா அதை நம்பித் தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள், அப்பன் மானத்தைக் காப்பாற்ற நீயும் வந்தாய். பிறகு சம்பந்தி வீட்டார் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள், படம் தொடங்குகிறது, எச்சில் தட்டை வழிக்கிற ஒரு கை. மண்டபத்தின் பின்பக்கம், மலை மாதிரி பாத்திரம், நடுவே தட்டுக் கழுவுகிற கிழவி உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "என்னைப் போயி எடுக்கிறியே, மாப்பிள்ளை அந்தப் பக்கம் இருக்காருடி." "அவரை எடுக்க நெறைய பேர் இருக்காங்க, நீங்க பேசுங்க." அவளும் பேசுகிறாள், பேசுகிறாள், நிறுத்தவே இல்லை. "எத்தனையோ கல்யாணம், ஒண்ணையும் கண்ணால பார்த்ததில்ல. கைதட்டுற சத்தம் கேட்டா முடிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சுக்குவேன். அப்புறம் தட்டு வரும்." மணப்பெண் ஒரே ஒரு இடத்தில் வருகிறாள், அதுவும் முதுகு. பெண் அழுதாள். மாடிவீட்டம்மா அந்தப் பென் டிரைவை நம் வாசலில் வீசிவிட்டுப் போனாள், அன்றிலிருந்து படிக்கட்டில் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குகிறாள்.

இப்போது கேமராவை யாருக்கோ கொடுத்துவிட்டு ஆபீஸ் வேலையில் சேரப்போவதாக எழுதியிருக்கிறாய். அப்பா படித்தான். முகம் தெளிந்துவிட்டது, ஆனால் சாப்பிடவில்லை, ஏனென்று தெரியவில்லை. நல்ல முடிவுதான் கண்ணு. யாரும் பார்க்காத மனுஷரை யாரும் பார்க்காத படத்தில் காட்டி என்ன ஆகப்போகிறது? ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கே புரிகிறது. போய்ச் சேர்ந்துவிடு. நோய்நொடி அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, படுத்ததும் தூக்கம் வருகிற வாழ்வு உனக்கு அமையட்டும்.

உன் பாட்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது மாடிவீட்டம்மாவே கதவைத் தட்டினாள். கூட ஒரு பெண், அந்தத் தட்டுக் கழுவுகிறவளின் மகள். தாய் போன வாரம் இறந்துவிட்டாளாம். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. "என்னையும் ஒருத்தி படம் புடிச்சாடி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததை நினைத்து, மண்டபத்தில் விசாரித்து மாடிக்கு வந்திருக்கிறாள். அன்று வாசலில் பொறுக்கி வைத்த பென் டிரைவைப் போட்டுக் காட்டினோம். டிவிக்குக் கிட்டே போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா இவ்வளவு பேசுவாங்களா? வீட்டுக்கு வந்ததும் படுத்துருவாங்க, பேசத் தெம்பே இருக்காது" என்றாள். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னாள். அவள் அழவில்லை, மாடிவீட்டம்மாதான் அழுதாள். உன் அப்பா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

மேலே நான் எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கேமராவைக் கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கிக்கொள். அந்தப் பெண் புறப்படும்போது, "எடுத்தவங்க எப்படி இருப்பாங்க பாட்டி?" என்று கேட்டாள். சுவரில் எல்லோர் படமும் இருக்கிறது, உன்னுடையது முன்பல் விழுந்த வயதில் எடுத்தது மட்டும்தான். அதைத்தான் காட்டினேன். அதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது நீ இருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு.