அவசரம் அண்ணன் மலையைத் தேடிப் போன கதை

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள எந்தக் குப்பத்தில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். அவசரம் அண்ணன் உட்கார்ந்து சோறு தின்றதைப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. தட்டைக் கையில் பிடித்தபடி நடப்பார். முதல் வாய் வீட்டில், கடைசி வாய் படகுத் துறையில். கல்யாணத்தன்று மணவறையை மூன்று முறை சுற்றச் சொன்னார்களாம். மூன்றோடு நிற்காமல் அவர் பாட்டுக்குப் பெண்ணை இழுத்துக்கொண்டு சுற்ற, சொந்தக்காரர்கள் குறுக்கே நின்று மறித்தார்களாம். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அவர் போகும் படகில் தண்ணீர் இறைப்பவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எங்கே போனாலும் என்னை இழுத்துக்கொண்டு போவார். "இவன் பதில் பேசமாட்டான், நேரம் மிச்சம்" என்பார்.

படகு அவருடைய மச்சினனுடையது. முனையில் நின்று வலை விட இடம் சொல்வது அண்ணனுடைய வேலை. ஏரியின் மேற்குக் கரையில் ஒற்றைப் பனை ஒன்று நிற்கும். அதற்கும் பின்னால், எளாவூருக்கு அந்தப் பக்கம், ஒரு குன்று. குன்றின் உச்சியில் சுண்ணாம்பு அடித்த சின்னக் கோயில். காலை வெயிலில் அது ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரியுமாம். அந்தப் பொட்டு பனையின் தலைக்கு மேல் உட்கார்ந்தால் அடியில் சேறு. தைரியமாக வலை விடலாம். பொட்டு விலகினால் அடியில் கிளிஞ்சல் படுகை, வலை நார்நாராகிவிடும்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்ததிலிருந்து வலை நார்நாராகத்தான் வந்தது.

ஒருநாள் துறையில் எல்லோரும் இருக்கும்போது மச்சினன் சொல்லிவிட்டான்: "மாமா, உன் கண்ணு போச்சு. நாளையிலருந்து நீ கரையில குந்திகினு வலை தை."

"கண்ணுக்கு இன்னாடா? நல்லாத்தான் கீது. அந்த மலைதான் எங்கியோ நவுந்துகீது."

துறையே சிரித்தது. நண்டுக் கூடையோடு நின்ற ஒரு அக்கா கேட்டது: "இன்னா மாமா, மலையும் மீஞ்சூருக்குப் போயி டிரெயின் புடிச்சி வேலைக்குப் போவுதா?"

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கரையில் உட்காருவது என்பது அவருக்கு ஆயுள் தண்டனை.

மறுநாள் விடிந்ததும் ஒரு சைக்கிளையும் என்னையும் வேறொரு படகில் ஏற்றி, அக்கரையில் சுண்ணாம்புக்குளத்தில் இறக்கினார். நான் மிதிக்கிறேன் என்றேன். "நீ மிதிச்சா மலை இன்னும் தூரம் போயிடும். பின்னால குந்து" என்றார். மேடு, பள்ளம், எதிர்காற்று எதற்கும் வேகம் குறையவில்லை. மாடுகள் ஒதுங்கின. ஒரு ஷேர் ஆட்டோவும் ஒதுங்கியது.

எளாவூர் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"எங்கய்யா இவ்ளோ வேகமா?"

"அந்த மலை அங்கியேதான் கீதான்னு பாக்கப் போறோம் சார்."

போலீஸ்காரர் பையைப் பார்த்தார். தயிர்ச் சோறு. பிறகு அருகில் வந்து, "ஊதுய்யா" என்றார். அண்ணன் ஊதினார். அடுத்து நானும் ஊதினேன். வாசனை எதுவும் இல்லாததுதான் அவருக்குக் கவலையாகிவிட்டது.

குன்றின் அடியில் ஒரு வேப்பமரம். அண்ணன் பையிலிருந்து கயிற்றை எடுத்து, படகைக் கட்டுவதுபோல் சைக்கிளை முன்னாலும் பின்னாலும் இழுத்துக் கட்டினார்.

"இங்க ஏதுண்ணே தண்ணி?"

"தண்ணி ஏறுறது உன்னாண்ட சொல்லிட்டு ஏறுமா?"

மேலே போக ஒற்றையடிப் பாதை. புயலில் படகு முனையில் ஆடாமல் நிற்கிற மனுஷன், அந்தச் சின்னக் குன்றில் கால்களை அகட்டி, கைகளை விரித்துத் தள்ளாடினார். "இந்தத் தரை ஆடவே மாட்டேங்குதுடா, எப்படித்தான் நடக்குறானுங்களோ!" என்று திட்டிக்கொண்டே ஏறினார்.

கடைசித் திருப்பத்துக்கு முன்னால் திடீரென்று நின்றுவிட்டார். அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"கோயிலு வெள்ளையாவே இருந்துச்சுன்னா?" என்றார், என்னைப் பார்க்காமல். "நீ முன்ன போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். கோயில் பச்சையாக இருந்தது. சாதாரணப் பச்சை இல்லை. சுற்றியிருந்த புதருக்குப் போட்டியாக அடித்த இலைப் பச்சை. பக்கத்தில் போய் முட்டிக்கொண்டால்தான் கோயில் இருப்பதே தெரியும். "அண்ணே, பச்சை!" என்று கத்தினேன்.

ஓடி வந்தவர் கோயில் வாசலில் நின்ற பூசாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பூசாரி மிரண்டு போனார்.

"பொங்கலுக்கு அடிச்சதுப்பா. எங்க நைனாவோட வேண்டுதல். நல்லா கீதா?"

"பிரமாதம்! ஆனா நீ பச்ச அடிச்சதுல என் மச்சினன் வலை கிழிஞ்சுபோச்சு."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அண்ணன் பொட்டு, பனை, கிளிஞ்சல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பூசாரி யோசித்துவிட்டு, "கோயிலத் தொட முடியாது. கிழக்கால ஒரு பெரிய பாறை கீது. அதுக்கு எந்த வேண்டுதலும் இல்ல. இன்னா வேணா அடிச்சிக்கோ" என்றார்.

அண்ணன் அந்தப் பாறைமேல் ஏறி ஏரியைப் பார்த்தார். "தோ பாருடா நம்ம படகு! பனைக்கு நேரா நிக்காம அந்தாண்ட போறான் பாரு. போச்சு, இன்னிக்கும் வலை போச்சு!" நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பளபளப்பு.

சாயங்காலம் துறைக்குத் திரும்பினோம். மச்சினன் கரையில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் நிற்காமல் அவனைத் தாண்டிக்கொண்டே, "குந்திகினு நல்லா தை மச்சான்" என்றார்.

அடுத்த வாரமே ஒரு வாளி கிளிஞ்சல் சுண்ணாம்போடு மறுபடி சைக்கிள், மறுபடி செக்போஸ்ட், மறுபடி ஊதல். பாதிச் சுண்ணாம்பு பாறைமேல், மீதி எங்கள்மேல். அதற்குப் பிறகு வலை முழுசாக வருகிறது. அண்ணன் பழையபடி படகு முனையில் கால் மாற்றி மாற்றி நிற்கிறார்.

ஆனாலும் மச்சினனுக்குச் சந்தேகம் தீரவில்லை. காலையில் வலை விடுமுன் என்னைக் கேட்பான்: "நீ சொல்லுடா, மெய்யாவே வெள்ளை தெரியுதா?"

உண்மையில் எனக்கு அந்தப் பாறை ஒருநாளும் தெரிந்ததில்லை. முன்னால் கோயிலும் தெரிந்ததில்லை. சில நாள் மலையே தெரியாது. முனையில் அண்ணன் திரும்பாமல், என் பதிலுக்காக ஒரு கணம் அசையாமல் நிற்பார்.

"தெரியுது!" என்பேன். நாலு பேர் முன்னால் நான் சத்தமாகச் சொல்லும் ஒரே வார்த்தை அதுதான்.